புகையில்லா அடுப்பு, ஒன்றுபட்ட ஊர்



குடும்ப நலம் என்றதும் அளவான குடும்பம், பிள்ளைகளுக்கு இடையே போதிய இடைவெளி, தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்க்குச் சத்துணவு இவைதான் நம் நினைவுக்கு வரும். இவையெல்லாம் அவசியம்தான். ஆனால் அளவாகப் பெற்று, வேளா வேளைக்கு ஊசி போட்டு, கண்ணுங்கருத்துமாக நாம் வளர்க்கிற அந்தக் குழந்தை எப்படிப்பட்ட காற்றை மூச்சாக இழுக்கிறது என்று பார்த்திருக்கிறோமா?

குடிக்கிற தண்ணீர் கலங்கியிருந்தால் வடிகட்டுகிறோம். சோறு ஊசிப்போனால் மாட்டுக்கு ஊற்றுகிறோம். ஆனால் அடுப்புப் புகையில் கண் எரிந்தால் மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். புகை நம் தலையெழுத்து அல்ல. அதைக் குறைக்க வழி உண்டு. வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய வேண்டியது கொஞ்சம். ஊர் கூடிச் செய்ய வேண்டியது அதிகம். அந்த இரண்டைப் பற்றியும் இந்த வெளியீடு சொல்கிறது. நீங்கள் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

புகையில் என்ன இருக்கிறது?

விறகு, சுள்ளி, தென்னமட்டை, எருவாட்டி இவை முழுதாக எரிந்துவிட்டால் புகை அதிகம் வராது. நம் அடுப்பில் போதிய காற்று கிடைக்காததால் அவை அரைகுறையாக எரிகின்றன. எரியாமல் மிஞ்சுவதுதான் புகை. அந்தப் புகையில் இரண்டு எதிரிகள் உண்டு.

ஒன்று, நுண்தூசி. இது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கு முடியிலும் சளியிலும் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். கர்ப்பிணித் தாய் இதைச் சுவாசித்தால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்குப் போக வேண்டிய பிராணவாயு குறைந்துபோகும்.

அடுப்புப் புகையால் சிறு பிள்ளைகளுக்கு நிமோனியா என்னும் நுரையீரல் காய்ச்சல் வருகிறது. பெரியவர்களுக்கு நாட்பட்ட இளைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் வரலாம். கண்புரைக்கும் இது ஒரு காரணம். குழந்தை எடை குறைவாகப் பிறப்பதற்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

பீடியைத் தொட்டே பார்க்காத நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் பீடி குடிப்பவருக்கு வரும் இளைப்பு நோய் வருகிறதே, ஏன்? அடுப்படிக் கூரை ஓட்டைப் பாருங்கள். அதில் படிந்திருக்கிற கரிதான் அவர்கள் நெஞ்சிலும் படிகிறது.

நர்சம்மாவிடம் கேட்ட கேள்விகள்

கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போகும்போது தம்பதியர் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளும் அவர் சொல்லும் பதில்களும் இவை. உங்கள் மனதில் இருப்பதும் இதில் இருக்கலாம்.

மனைவி: நர்சம்மா, எங்கம்மா, எங்க அப்பத்தா எல்லாரும் விறகடுப்புலதானே சமைச்சாங்க? எங்களைப் பெத்து வளர்க்கலையா?

செவிலியர்: வளர்த்தாங்கம்மா, இல்லேங்கல. உங்க அப்பத்தா எத்தனை பெத்தாங்க, எத்தனை தங்குச்சுன்னு அவங்களையே கேட்டுப் பாருங்க. ராத்திரியில அவங்க இருமுற இருமல் எப்பத்துல இருந்துன்னும் கேளுங்க. அடுப்பு மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. அதுவும் ஒரு காரணம்.

கணவர்: கேஸ் அடுப்பு இருக்குதுங்க. ஆனா சிலிண்டருக்கு ஒரே தடவையா அவ்வளவு பணம் எடுக்க முடியல. விறகுன்னா சும்மா கிடைக்குது.

செவிலியர்: சும்மா கிடைக்குதா தம்பி? அதைப் பொறுக்கிட்டு வர்றது யாரு? கருவேல முள்ளு காலைக் கிழிக்கிறது யாருக்கு? வாரத்துல எத்தனை மணி நேரம் வீட்டுக்காரம்மா விறகுக்குப் போறாங்கன்னு ஒரு மாசம் நோட்டுல குறிச்சு வைங்க. அந்த நேரத்துக்குக் கூலி போட்டுப் பாருங்க. இருமல் மருந்துக்கு ஆன செலவையும் கூட்டிக்குங்க. அப்புறம் சும்மாவா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

மனைவி: சோறும் மீன் குழம்பும் விறகடுப்புலதாங்க ருசி.

செவிலியர்: ருசி கைப்பக்குவத்துலயும் மண்சட்டியிலயும் இருக்கும்மா. அதே சட்டியை கேஸ் மேல வச்சு, தீயைச் சின்னதா வைங்க. நாலு நாள் பழகினா நாக்கும் பழகிடும்.

கணவர்: புகை இருந்தாத்தானே கொசு வராது?

செவிலியர்: கொசுவை விரட்டப்போய் பிள்ளை நெஞ்சைக் கெடுத்துக்கலாமா? கொசு வலை கட்டுங்க. தேங்கின தண்ணியைக் கொட்டுங்க. அதுதான் கொசுவுக்கு மருந்து.

மனைவி: சோத்துக்கு கேஸு, குளிக்கிற வெந்நீருக்கும் மாட்டுத் தீவனம் காய்ச்சவும் விறகு. இப்படி இருந்தாப் பரவாயில்லையா?

செவிலியர்: முழுசா விறகுல இருக்கிறதுக்கு இது மேல்தான். ஆனா அந்த விறகடுப்பு வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. பிள்ளை படுக்கிற இடத்துக்கும் கர்ப்பிணி உட்கார்ற இடத்துக்கும் காத்து வீசுற பக்கமா இருக்கவே கூடாது.

ஒரு வீடு மட்டும் மாறினால் போதுமா?

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணித் தாய்மார்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள்தான். கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதித் தாய்மார்கள் அதில் பங்கெடுத்தார்கள். கர்ப்பமாகி 9 வாரத்துக்கு மேல், 20 வாரத்துக்குள் இருந்தவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள்.

முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. விறகில் சமைத்த தாய்மார்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம் நுண்தூசி இருந்தது. எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு அது சுமார் 24 ஆகக் குறைந்தது. இது பெரிய நன்மை. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பக்கம் சராசரி 2,921 கிராம், மறுபக்கம் 2,898 கிராம்.

அப்படியானால் அடுப்பை மாற்றுவது வீணா? இல்லை. தாயின் மூச்சில் போகும் தூசி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறதே. அந்த ஆய்வு குழந்தையின் எடையைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்து, தாய்க்குப் பல வருஷத்தில் வரக்கூடிய இளைப்பையும் நெஞ்சு நோயையும் மறந்துவிடக் கூடாது. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் வகுத்த அளவு. அடுப்பை மாற்றிய வீட்டுத் தாய்கூட 24 மைக்ரோகிராம் சுவாசித்திருக்கிறார். நம் வீட்டில் விறகு எரியாவிட்டாலும் பக்கத்து வீட்டில் எரிகிறது. தெருமுனையில் குப்பை எரிகிறது. வயலில் தாளடி எரிகிறது. சாலையில் லாரிப் புகை.

வேலி வயலுக்கு உண்டு, காற்றுக்கு இல்லை. ஆகவே அடுப்பை மாற்றுவதைக் கர்ப்பம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். கல்யாணம் ஆன கையோடு, முதல் குழந்தைக்குத் திட்டமிடும்போதே செய்யுங்கள். அதோடு நின்றுவிடாமல் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் கூடிய இடங்களில் நடந்தது

நல்ல காற்றுக்காகவும் சுத்தமான எரிசக்திக்காகவும் ஊரைக் கூட்டுகிறவர்கள் எங்கோ இருக்கும் பெரிய மனிதர்கள் அல்லர். சுய உதவிக் குழுப் பெண்கள், ஊராட்சி உறுப்பினர்கள், அங்கன்வாடி ஆசிரியைகள், செவிலியர்கள், ஊர் இளைஞர்கள் இவர்கள்தான். அவர்களுடைய அனுபவம் நமக்குப் பாடம். வெற்றி மட்டுமல்ல, தோல்வியும் பாடம்தான்.

முதலில் தோல்வி. 1983ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றைத் தேசிய அளவில் தொடங்கியது. புகைபோக்கி வைத்த அடுப்புகள் கோடிக்கணக்கில் கட்டப்பட்டன. 2002ல் அந்தத் திட்டம் முடிந்துபோயிற்று. பல வீடுகளில் அடுப்பு வெடித்தது, புகைபோக்கியில் கரி அடைத்தது. யாரும் துடைக்கவில்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. பழைய அடுப்பே திரும்பி வந்தது. எத்தனை அடுப்பு கட்டினோம் என்று எண்ணினார்களே தவிர, சமைக்கிற பெண்ணின் பானை அதில் உட்காருமா, அவருக்கு எது வசதி என்று கேட்டது குறைவு.

அடுத்து, கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்திலுள்ள பூரா என்ற கிராமம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அமுல்யா ரெட்டியும் அவருடன் இருந்தவர்களும் அங்கே ஊருக்குப் பொதுவாகச் சாண எரிவாயுக் கலன் அமைத்தார்கள். முதலில் சமையலுக்கு வாயு கொடுக்கத்தான் திட்டம். ஆனால் எல்லா வீட்டுக்கும் போதுமான வாயு கிடைக்கவில்லை, மக்களுக்கும் ஆர்வம் குறைந்தது. பிறகு ஊராரைக் கேட்டபோது, எங்களுக்கு முதல் தேவை குடிதண்ணீர் என்றார்கள். 1987 முதல் அதே வாயுவால் இயந்திரம் ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் குழாய் வழியே கொடுத்தார்கள். வீட்டுக்கு விளக்கும் எரிந்தது. சாணம் கொண்டுவந்து போட்டவர்களுக்குச் சிறு தொகை உண்டு. வாயு எடுத்த பின் மிஞ்சிய எரு அவரவர் போட்ட சாணத்துக்கு ஏற்றபடி திரும்பக் கிடைத்தது. கலனை ஓட்டியது ஊர் இளைஞர்களே. மக்கள் கேட்டதைக் கொடுத்தபோது, மக்களே அதைக் காப்பாற்றினார்கள்.

மூன்றாவது, நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சி. மின் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் அந்த ஊராட்சி 2006ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊராட்சிச் சேமிப்பிலிருந்து 40 லட்சம் ரூபாய் போட்டு, மிச்சத்தை வங்கிக் கடனாக எடுத்தார்கள். ஊராட்சியின் தேவைக்குப் போக மீதி மின்சாரத்தை விற்று வருமானமும் பார்த்தார்கள். பெரிய கம்பெனிதான் காற்றாலை வைக்க முடியும் என்ற எண்ணத்தை ஒரு கிராம ஊராட்சி மாற்றிக் காட்டியது.

நான்காவது, கடலூர். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004 முதல் தாங்களே காற்றைக் கண்காணிக்கப் பழகிக்கொண்டார்கள். என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் வீசியது, என்ன மாதிரி நாற்றம், யாருக்குக் கண் எரிந்தது என்று எழுதி வைத்தார்கள். வாளியில் பை பொருத்திய எளிய கருவியால் காற்று மாதிரியும் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். "நாத்தம் தாங்கல சார்" என்று வாயால் சொன்னால் அதிகாரி கேட்டுவிட்டுப் போய்விடலாம். தேதி போட்டு எழுதிய நோட்டை அப்படித் தள்ள முடியாது.

நீங்கள் எப்படித் தொடங்குவது?

1. நாலு வீட்டில் தொடங்குங்கள். ஊர் முழுவதையும் முதல் நாளே கூட்ட வேண்டாம். அக்கம்பக்கத்துத் தம்பதியர் நாலு பேரைச் சாயங்காலம் திண்ணையில் உட்கார வையுங்கள். ஏற்கெனவே சுய உதவிக் குழு இருந்தால் இன்னும் நல்லது. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தக் குழுக்கள் இன்று அநேகமாக எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றன. சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு கால்மணி நேரம் அடுப்பைப் பற்றிப் பேசுங்கள்.

2. அடுப்புக் கணக்கு எடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீடு வீடாகப் போய் நான்கு விவரம் மட்டும் எழுதுங்கள்: எந்த அடுப்பு எரிகிறது? கர்ப்பிணியோ 5 வயதுக்குக் குறைந்த குழந்தையோ உண்டா? வீட்டில் இருமல், இளைப்பு உண்டா? கேஸ் இணைப்பு இல்லாமல் இருக்கிறதா, இருந்தும் சிலிண்டர் வாங்க முடியவில்லையா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். இணைப்பு இல்லாதவருக்கு விண்ணப்பம் வேண்டும், சிலிண்டர் வாங்க முடியாதவருக்குச் சேமிப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது.

3. இணைப்பு இல்லாத வீட்டுக்கு வழி செய்யுங்கள். ஏழைப் பெண்கள் பெயரில் எரிவாயு இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. அதன் இன்றைய நிலையும், வேண்டிய சான்றுகளும் எரிவாயு ஏஜென்சியில் கேட்டால் தெரியும். தனியாகப் போகத் தயங்குகிறவரைக் குழுவாக அழைத்துப் போங்கள். ஒரு குழு போனால் பதில் வரும்.

4. சிலிண்டர் சேமிப்பு வையுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வருமானால், அதன் விலையை 8 பங்காக்கி வாரம் ஒரு பங்கு குழுவில் கட்டுங்கள். எட்டாவது வாரம் பணம் தயார். 14.2 கிலோ சிலிண்டர் பாரம் என்றால் 5 கிலோ சிலிண்டரும் கிடைக்கிறது.

5. மாடு உள்ள வீடுகள் சாண எரிவாயுவை யோசிக்கலாம். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். நாலைந்து மாடு இருந்தால் அது கிடைக்கும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்குச் சமையலுக்கு ஆகும். இரண்டு மூன்று மாடு என்றால் 1 கன மீட்டர் கலன் போதும். மிஞ்சும் கழிவு வயலுக்கு நல்ல எரு. மாடு இல்லாத வீட்டை இதில் இழுக்காதீர்கள். கலன் காய்ந்து கிடக்கும்.

6. கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராம சபை கூட வேண்டும் என்பது 2022 முதல் தமிழ்நாட்டில் உள்ள ஏற்பாடு. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, நீங்களே போகலாம். அடுப்பு நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புகையில்லா அடுப்பு, குப்பை எரிக்கத் தடை, தெருவிளக்குக்குச் சூரிய ஒளி மின்சாரம் என்று உங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

7. எல்லாத் தெருவையும் சேருங்கள். ஊர், காலனி என்று பிரித்துக் கூட்டம் போட்டால் புகை சிரிக்கும். எல்லாரும் வந்து உட்காரக்கூடிய பொது இடத்தில் கூடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் நேரமாக வையுங்கள். பெண்கள் பேசட்டும். அடுப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

8. வரவு செலவைப் பகிரங்கமாக வையுங்கள். ஐந்து ரூபாய் வசூலானாலும் நோட்டில் எழுதி மாதம் ஒரு முறை எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். பல ஊரில் சங்கம் உடைவது எதிரியால் அல்ல, கணக்கால்.

குப்பையை எரிப்பவரிடமும் செங்கல் சூளை வைத்திருப்பவரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் வீட்டிலும் பிள்ளை உண்டு. முதலில் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் தேதி போட்டு எழுதி, ஊராட்சிக்கும் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுங்கள். மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

ஐயா, அடுப்பு உங்கள் மனைவி நிற்கிற இடம். ஆனால் அதை மாற்றுகிற பணம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. அலைபேசிக்கும் வண்டிக்கும் தவணை கட்டுகிறோம். சிலிண்டருக்கு மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறோம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போதாவது விறகு எரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரை நீங்கள் வெளியில் வைத்துக் கொடுங்கள். பீடி, சிகரெட்டை வீட்டுக்குள் பிடிக்காதீர்கள். அடுப்புப் புகையை நிறுத்திவிட்டு பீடிப் புகையை ஊதினால் பயன் என்ன? கிராம சபையில் மனைவி எழுந்து பேசினால் "உனக்கென்ன தெரியும், உட்காரு" என்று சொல்லாதீர்கள்.

மாறும்வரை என்ன செய்யலாம்?

இன்றைக்கே எல்லாராலும் விறகை விட முடியாது. அதுவரை இவற்றைச் செய்யுங்கள்.

* நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர விறகு புகையைக் கக்கும்.
* அடுப்பைத் தாழ்வாரத்திலோ வெளியிலோ வையுங்கள். உள்ளே என்றால் புகைபோக்கி வையுங்கள், அதை அடைக்காமல் துடைத்து வாருங்கள்.
* பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் மடியில் போட்டுக்கொண்டும் அடுப்பூதாதீர்கள்.
* அடுப்பு பற்ற வைக்க பிளாஸ்டிக் பை, ரப்பர், சைக்கிள் டயர் துண்டு போடவே வேண்டாம். அந்தப் புகை கொடிய விஷம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு.
* பானையை மூடிச் சமையுங்கள். பருப்பை ஊறவைத்து வேகப்போடுங்கள். விறகும் மிச்சம், புகையும் குறைவு.

எரிவாயுவுக்கு மாறியவர்கள் இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். வாயு நாற்றம் அடித்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். கதவு சன்னலைத் திறந்து வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சளி, இருமல் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள்.

* 2 மாதம் நிரம்பாத குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
* 2 மாதம் முதல் 12 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்
* 1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த அளவில் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், துவண்டு கிடந்தாலும் நேரம் கடத்தாமல் 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கலந்து பேசுவதற்கு

கூட்டத்தில் இந்த வெளியீட்டைப் படித்தபின் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. நம் தெருவில் எத்தனை வீட்டில் இன்னும் விறகு எரிகிறது? ஏன்?
2. பூரா கிராமத்தில் முதல் திட்டம் நிற்காமல் இரண்டாவது திட்டம் நின்றது எதனால்?
3. நம் ஊரில் முதலில் மாற வேண்டியது எது: வீட்டு அடுப்பா, அங்கன்வாடி அடுப்பா, குப்பை மேடா?
4. அடுத்த கிராம சபைக்கு யார் யார் போவது? நோட்டை யார் எடுத்துப் போவது?

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.

மேலும் விவரங்களுக்கு உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகுங்கள். உடல்நலம் பற்றிய சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.

அளவான குடும்பம் வீட்டுக்கு நிம்மதி!
புகையில்லா அடுப்பு தாய்க்கும் சேய்க்கும் நிம்மதி!